பாப்பாவின் காதுக்குச் சொட்டு மருந்து

கவிதா: சித்தி, அக்கா, யாராவது இருக்கிறீர்களா? பாப்பாவுக்கு டாக்டர் காதுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு சொட்டு விழுந்ததுமே தலையை உதறி அழுகிறாள். பாதி மருந்து கழுத்தில்தான் வழிகிறது 😢

சுதா அக்கா: பாவம். தூங்கும்போது விட்டுப் பாரேன்.

ராணி சித்தி: மருந்து சில்லென்று இருக்கிறதா கவி?

கவிதா: ஆமாம் சித்தி.

ராணி சித்தி: அதனால்தான் அழுகிறாள். உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பு உள்காதில்தான் இருக்கிறது. குளிர்ந்த மருந்து உள்ளே போனால் தலை சுற்றும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியுமா? பாட்டிலை உள்ளங்கையில் ஒன்றிரண்டு நிமிடம் பொத்தி வைத்திருந்து விடு. வெந்நீரில் போடாதே, சூடு அதிகமானாலும் தலை சுற்றும்.

பெரியம்மா: எதற்கு இவ்வளவு பாடு? எண்ணெயை லேசாகச் சூடாக்கி இரண்டு சொட்டு விடச் சொல்.

ராணி சித்தி: வேண்டாம் அக்கா. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்விடும். டாக்டர் காதைப் பார்த்து எழுதிய மருந்து மட்டும் போதும்.

பெரியம்மா: அப்படியா, சரி சரி.

சுதா அக்கா: காதை மேல்பக்கம் இழுத்துப் பிடித்துத்தானே விட வேண்டும்? என் பையனுக்கு அப்படித்தான் விடுகிறேன்.

ராணி சித்தி: அவன் பெரியவன், அவனுக்கு அது சரி. மூன்று வயதுக்குள் என்றால் கம்மல் போடும் இடத்தைப் பிடித்துக் கீழேயும் பின்னாலும் மெதுவாக இழுக்க வேண்டும். அப்போதுதான் காதுக் குழாய் நேராகும். வலிக்கிற காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வை. பாட்டில் நுனி காதில் படக் கூடாது, கிருமி ஒட்டிக்கொள்ளும். விட்டதும் காதின் முன்னால் இருக்கும் சின்ன மடலை லேசாக அமுக்கி அமுக்கி விடு, மருந்து உள்ளே இறங்கும். அப்புறம் ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும்.

கவிதா: வழிந்தால் பட்ஸ் வைத்துத் துடைக்கலாமா?

ராணி சித்தி: பட்ஸ் உள்ளே போகவே கூடாது. வெளியே வழிவதைத் துணியால் ஒற்றி எடு, போதும். காதிலிருந்து சீழோ ரத்தமோ வருகிறதா?

கவிதா: இல்லை சித்தி.

ராணி சித்தி: நல்லது. வந்தால் அடுத்த வேளை மருந்து விடுவதற்கு முன் டாக்டரைக் கேள். சில சொட்டு மருந்துகள் செவிப்பறை ஓட்டையாக இருந்தால் ஆகாது.

கவிதா: விட்டுவிட்டேன் சித்தி! கொஞ்சம் சிணுங்கினாள், அவ்வளவுதான். மடியில்தான் படுத்திருக்கிறாள் 🙏

ராணி சித்தி: என் தங்கம் 😘 வலி போய்விட்டதென்று நடுவில் நிறுத்திவிடாதே, டாக்டர் சொன்ன நாள் முழுக்க விடு.