இருண்ட கதைகள்: அடுத்து எதைப் படிக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘டெண்டர் இஸ் த நைட்’ (1934) படித்து முடித்தேன். மனநல மருத்துவன் டிக், சிகிச்சைக்கு வந்த நிக்கோலையே கட்டிக்கொள்கிறான். பிள்ளைகளும் காரில் இருக்க, மலைச்சரிவில் அவன் கையிலிருந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிவிட்டு, கார் மரத்தில் மோதி நின்றதும் அவள் சிரிக்கிறாள். அதற்கு மேல் அன்று படிக்க ஓடவில்லை. எழுத்தாளரின் மனைவி ஸெல்டாவும் மனநல சிகிச்சையில் இருந்தபடியே எழுதி 1932இல் ஒரு நாவல் வெளியிட்டார். அதை யாராவது படித்திருக்கிறீர்களா?

இப்போது கையில் கார்மக் மெக்கார்த்தியின் ‘பிளட் மெரிடியன்’ நாவல். அப்பாச்சி பூர்வகுடிகளைக் கொன்று உரித்த தலைத்தோலுக்கு மெக்சிகோவின் சிவாவா மாநில அரசு பணம் கொடுத்த காலம். அப்படித் தலைத்தோல் வேட்டையாடிய கிளான்டன் கும்பல் காசுக்காக அப்பாவி மெக்சிகோக்காரர்களையும் கொன்று தோலுரித்தது. 1849-50இல் நிஜமாகவே நடந்தது இது, கற்பனை என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை!

நோயுற்றவரே பேசும் காதல் கதைகளும், எல்லைப்புறக் கொலைகளைப் பூர்வகுடிகள் பக்கமிருந்து சொல்லும் நூல்களும் வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் ரொம்ப நல்லது. துப்பறியும் கதைகள் வேண்டாம். அப்புறம், முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.