வட இலங்கையின் வன்னியிலிருந்து கெட்ட செய்தி மட்டும்தான் வெளியே போகுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாங்குளத்தான்:
கொஞ்சக் காலம் ஒரு பத்திரிகைக்கு முல்லைத்தீவுப் பக்கத்துப் பிரதேச நிருபராக இருந்தேன். மாதச் சம்பளம் கிடையாது, அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு. அதனால் எது அச்சில் வரும் என்பது சீக்கிரமே பிடிபட்டுவிடும். யானை அடித்து ஒருவர் செத்தால் முன்பக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சனம் தங்கள் யானைவேலியை முறைவைத்துப் பார்த்துவந்தது. மின்வேலி போட்டுக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. கம்பியில் புல் முட்டினால் மின்சாரம் நிலத்துக்குள் இறங்கிவிடும். மாரியில் புல்லோ கண்ணை மூடித் திறப்பதற்குள் வளர்ந்துவிடும். அதனால் விடியப்புறம் முறைக்காரர் கத்தியோடு போய் வேலியடியைச் செருக்கிவிட்டு வருவார். அந்தக் காலபோகம் (மாரிகால நெற்செய்கை) முழுக்க யானை வயலுக்குள் இறங்கவில்லை.

எழுதி அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து போன்: "தம்பி, எல்லாம் சரி, இதில என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை அண்ணை, அதுதான் செய்தி."

சிரித்தார். போடவில்லை. அடுத்த மாதம் பக்கத்து ஊரில் யானை ஒரு வீட்டுச் சுவரை இடித்தது, படத்தோடு போட்டார்கள்.

பரந்தன் அக்கா:
2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நேரம். தண்ணீர் வடிந்த பிறகு முற்றத்தில் தறப்பாள் கட்டிச் சமைத்துக்கொண்டிருந்தபோது கமராவோடு இரண்டு பெடியள் வந்தார்கள். "அம்மா, அடுப்பை ஒருக்கா நூத்துவிடுங்கோ" என்று அணைக்கச் சொன்னார்கள். புகைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, சோறு கொதிக்கிற வீடு பாதிக்கப்பட்ட வீடு மாதிரித் தெரியாதாம். எனக்கு வந்த கோபத்தில் அகப்பையைக் காட்டித் துரத்தினேன், அதை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை! குளம் நிரம்பி நின்றதால் அடுத்த சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) தண்ணீர்க் கவலை இருக்கவில்லை. அழிந்த வயலில் திரும்ப விதைத்தோம், அறுத்தோம். அதற்கு ஒரு கமராவும் வரவில்லை.

ஊடக மாணவன்:
மாங்குளத்தான் அண்ணை சொன்னதை நோர்வே ஆய்வாளர் இருவர் 1965இலேயே எழுதிவிட்டார்கள், யொஹான் கால்டுங்கும் மாரி ரூகேயும். கொங்கோ, கியூபா, சைப்பிரஸ் நெருக்கடிகளை நான்கு நோர்வேப் பத்திரிகைகள் எப்படிப் போட்டன என்று பார்த்து, ஒரு சம்பவம் செய்தியாவதற்கான பன்னிரண்டு காரணிகளைச் சொன்னார்கள். அதில் ஒன்று எதிர்மறைத்தன்மை. ஒரு ஆளை வளர்த்து எடுக்க எத்தனையோ வருடம் போகும், விபத்தில் சாக ஒரு நொடி போதும். நாளுக்கொருமுறை அச்சாகிற பத்திரிகைக்கு அந்த நொடிதான் வசதி. இணையத்தில் இது இன்னும் கூடியிருக்கிறது. அப்வொர்தி (Upworthy) என்ற இணையச் செய்தித் தளத்தின் தலைப்புகளை வைத்து 2023இல் வந்த ஆய்வில், சராசரி நீளத் தலைப்பில் ஒரு எதிர்மறைச் சொல் கூடினால் கிளிக் வீதம் 2.3% ஏறுகிறது. ஆக அடுப்பை நூக்கச் சொன்ன பெடியளோடு சேர்த்து, அழுத்திப் பார்க்கிற எங்களையும் கேட்க வேண்டும். நல்ல செய்திக்கென்று பத்திரிகையில் ஒரு பக்கத்தை ஒதுக்கினால் என்ன?

கண்டாவளைப் பெண்:
தம்பி, நல்ல செய்திப் பக்கம் என்றாலே எனக்குப் பயம். வன்னிக்கு அது புதிசில்லை. போர் நடந்த 2008 செப்டெம்பரில் அரசாங்கம் தொண்டு நிறுவனங்களைக் கிளிநொச்சியை விட்டுப் போகச் சொன்னது. சுயாதீன நிருபர்களை உள்ளே விடவில்லை. எது வெளியே போக வேண்டுமோ அந்தக் கெட்ட செய்தி அப்போது போகவில்லை. போர் முடிந்த பிறகு வந்தது முழுக்க நல்ல செய்தி: "வடக்கின் வசந்தம்" என்ற அரசின் அபிவிருத்தித் திட்டம், காப்பெட் வீதி, 2013இல் கிளிநொச்சிக்கு ரயில். எல்லாம் உண்மைதான். நானும் அந்த ரயிலில் சந்தோசமாக ஏறினவள். ஆனால் அந்தப் படங்களுக்குள் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இல்லை.

அவர்கள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராடத் தொடங்கினார்கள். என் மாமியும் போய் இருந்தவ. முதல் நாட்களில் மைக் வரிசையில் நின்றது. பிறகு வருட நிறைவுக்கு வருவார்கள், இல்லாவிட்டால் யாராவது ஒரு தாய் கண்ணை மூடினால் வருவார்கள். ஒருமுறை ஒருவர் மாமியிடம் "இண்டைக்குப் புதுசா ஏதும் இருக்கோ அம்மா?" என்று கேட்டார். மாமி, "பிள்ளை வரேல்லை, அது பழசுதானே" என்றா. இதைவிடக் கெட்ட செய்தி உண்டா? எதிர்மறைதான் விற்கும் என்றால் இது தினமும் முன்பக்கத்தில் வந்திருக்க வேண்டும். உங்கள் கால்டுங் சொன்ன மற்றக் காரணிதான் எங்களை அமுக்குகிறது: மெதுவாக நடக்கிறது எதுவும் செய்தியில்லை. யானைவேலியும் அப்படித்தான், மாமியும் அப்படித்தான்.

மாங்குளத்தான்:
அக்கா, இதை நான் இப்படி யோசிக்கவில்லை. அலுவலகத்தில் சண்டை பிடித்தது நல்லதா கெட்டதா என்றுதான்.

ஏ9 செய்தியாளர்:
இப்பவும் களத்தில் நிற்கிறேன், சின்னதாக ஒன்று. ஆளில்லாத ரயில் கடவையில் மோட்டார்சைக்கிள் அடிபட்டால் படம் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான் எங்கள் வழக்கம். போன விபத்துக்குப் பிறகு ஆசிரியரைக் கெஞ்சி, தற்காலிகக் கடவைக் காவலர்கள் நாட்கூலிக்கு எப்படி நிற்கிறார்கள், மணியும் விளக்கும் இல்லாத கடவை எது, மரம் மறைக்கிற வளைவு எது என்று எழுதினேன். விபத்துப் படத்துக்கு வந்த பார்வையில் கால்வாசியும் வரவில்லை. ஆனால் பிரதேச செயலகக் கூட்டத்துக்கு ஊர்ச்சங்கக்காரர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். மரத்தை வெட்டிவிட்டார்கள். மணி இன்னும் இல்லை, அடுத்த கூட்டத்துக்கும் போகிறேன். மற்றக் கடவைகளின் விபரம் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் அனுப்புங்கள்.