புதுப்பிப்பு: அந்த 'ரியாக்டிவ்' என்ன ஆனது?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ரியாக்டிவ்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறதே, மஞ்சள் காமாலையா என்று போன வாரம் புலம்பியிருந்தேன். டாக்டரைப் பார்த்தாயிற்று. ரியாக்டிவ் என்றால் தேடிய பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தமாம். எனக்கு அப்படி வந்தது ஆன்டி-ஹெச்பிஎஸ். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். தடுப்பூசி போட்டவர்களுக்கு 10 யூனிட் இருந்தாலே பாதுகாப்புதான், எனக்கு 86. தொற்று இருப்பதைக் காட்டும் ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் நெகட்டிவ். பதற்றத்தில் அந்த வரியை நான் படிக்கவே இல்லை! வைரஸ் நிஜமாகவே தொற்றினால் மட்டும் உருவாகும் கோர் ஆன்டிபாடியும் நெகட்டிவ், அதனால் இது நோய் வந்து போன தடயம் இல்லை, எப்போதோ போட்ட மூன்று ஊசியின் வேலை.

அப்புறம், ஹெபடைடிஸ் சி-க்கு இந்தக் கணக்கு செல்லாது. அதில் ஆன்டிபாடி ரியாக்டிவ் என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனை செய்துதான் பார்க்க வேண்டுமாம்.