பெரிய வீட்டுப் பங்காளிகள்

மெய்யப்பன்: மாப்பிள்ளை அழைப்புக்கு ஐயாவின் மோரிஸ் மைனர் கார் என்றுதானே பேசினோம்? எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. சொக்கு அனுப்பிய புது செட், எஞ்சின் முனையில் சுழலும் சக்கரமான ஃப்ளைவீலில் உட்காரவில்லை.

சொக்கலிங்கம்: எஞ்சின் எண்ணைக் கொடுத்துத்தான் வாங்கினேன் அண்ணே. 10எம்ஏ என்று தொடங்குகிறது.

மெய்யப்பன்: அங்கேதான் சிக்கல். ஐயா பினாங்கிலிருந்து கப்பலேற்றியது 1958 வண்டி. அதற்கு 948 சிசி எஞ்சின், ஆறேகால் அங்குல கிளட்ச். 1962-இல் 1098 சிசி வந்தபோது ஏழேகால் ஆனது. 10எம்ஏ என்றால் 1098, அதாவது எஞ்சினைப் பிறகு மாற்றியிருக்கிறார்கள். கடைக்காரர் ஏழேகால் கொடுத்ததில் பிழையில்லை. ஆனால் நம் வண்டியில் இருக்கும் ஃப்ளைவீல் பழையது. கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகள் உள்ளே தள்ளி இருக்கின்றன.

உமையாள்: புதுத் துளை போட்டால் ஆகாதா?

மெய்யப்பன்: ஆகாது ஆச்சி. போட்டாலும் பழைய கியர்பாக்ஸின் கூட்டுக்குள் ஏழேகால் சுற்ற இடமில்லை. எஞ்சினை மாற்றியவர் கெட்டிக்காரர். பழைய கியர்பாக்ஸுக்காக ஃப்ளைவீலையும் பின் தகட்டையும் 948-இலிருந்தே எடுத்துப் போட்டிருக்கிறார். ஆகவே எஞ்சின் எண்ணைப் பார்க்கக் கூடாது, ஃப்ளைவீலை அளந்து வாங்க வேண்டும்.

சிகப்பி: கந்தரப்பத்துக்கு எத்தனை படி அரிசி ஊறவைக்க?

நாச்சியப்பன் சித்தப்பா: மெய்யப்பா, எஞ்சினை மாற்றியவர் உன் அப்பச்சி. என் பங்குப் பணமும் அதில் இருக்கிறது. கணக்கு இன்னும் வரவில்லை.

உமையாள்: சித்தப்பா, கல்யாணம் முடியட்டும்.

நாச்சியப்பன் சித்தப்பா: என் கல்யாணத்தின்போதும் இதையேதான் சொன்னார்கள்.

அழகப்பன்: இன்னோவா 👍

வள்ளியம்மை: ஐயா வண்டி வராவிட்டால் அப்பத்தா முகப்பைத் தாண்ட மாட்டார்கள். சிகப்பி, நான்கு படி.

சிகப்பி: போன முறை நான்கு போதவில்லை.

சொக்கலிங்கம்: ஏழேகாலைத் திருப்பி எடுப்பார்களா?

மெய்யப்பன்: பெட்டியைக் கிழித்தவன் நீ. தேய்ந்த தட்டுக்கு மதுரையில் புது லைனிங் அடித்துவிடலாம், பிரஷர் பிளேட் நன்றாக இருக்கிறது. பின்பக்க எண்ணெய்க் கசிவையும் பார்க்க வேண்டும். அந்த எஞ்சினில் அவ்விடத்தில் ரப்பர் சீல் கிடையாது, திருகுப் பள்ளம்தான் எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளும். தட்டில் எண்ணெய் பட்டால் புது லைனிங்கும் வழுக்கும்.

அழகப்பன்: யார் மதுரைக்குப் போவது?

மெய்யப்பன்: சொக்கு.

சொக்கலிங்கம்: எனக்கு விடுப்பு இல்லை.

நாச்சியப்பன் சித்தப்பா: நான் போகிறேன். செலவை எழுதிவைப்பேன்.

உமையாள்: எழுதுங்கள் சித்தப்பா. அழகு, இன்னோவாவுக்கும் ஒரு சொல் போட்டுவை.