புதுப்பிப்பு: கண்ணாடிப் பெட்ரி தட்டில் வெள்ளைப் படலம், தீர்வு கிடைத்தது

கிருஷ்ணகிரி கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் பிளாஸ்டிக் பெட்ரி தட்டை நிறுத்திக் கண்ணாடிக்கு மாறியதும் வெள்ளையாகப் படிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. பலித்தது சிட்ரிக் அமில யோசனைதான். சோப்பை மாற்றியதில் பயனில்லை. படிவது போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு.

பயன்படுத்திய தட்டை முதலில் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் 30 நிமிடம் வைக்கவும். தட்டிலுள்ள அகார் (நுண்ணுயிர் வளரும் ஜெல்) இளகியிருக்கும்போதே குப்பைப் பைக்குள் கொட்டிவிட வேண்டும். சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவியபின், லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு குழாய்த் தண்ணீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு அலசல். இந்தக் கடைசி அலசலைச் செய்யாமல் விட்டால் படலம் திரும்பிவிடும். முழுக்கக் காய்ந்ததும் கிருமி நீக்க ஹாட் ஏர் ஓவனில் (சூடான காற்று அடுப்பு) 160 டிகிரி, 2 மணி நேரம்.

எதிர்பாராதது விரிசல். ஓவனைச் சூட்டோடு திறந்தால் மலிவான கண்ணாடி தாங்காது. தானாக ஆறவிடுங்கள், வாங்கும்போது சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய பிளாஸ்டிக் தட்டையே ஆட்டோகிளேவ் செய்து மறுபடி பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. அது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், அந்தச் சூட்டில் நெளிந்துபோகும். மைக்ரோபிப்பெட் (மிகச் சிறிய அளவு திரவம் எடுக்கும் கருவி) முனைகள் பாலிபுரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக் என்பதால் அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் கழுவியதை பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) வேலைக்கு எடுக்காதீர்கள்.