அடுக்கு விரியாமல் தாமிரம் உள்ளே போகாது

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த முதல் வருடம். கையில் ஆல்பா சிர்கோனியம் பாஸ்பேட் என்ற அடுக்கடுக்கான படிகப் பொருள். வேதியியலாளர்கள் கிளியர்ஃபீல்டும் ஸ்டைன்ஸும் 1964-இல் படிகமாகச் செய்து காட்டிய அதே பொருள். ஜெல்லைப் பாஸ்பாரிக் அமிலத்தில் நாள்கணக்கில் ரிஃப்ளக்ஸ் செய்து, அதாவது ஆவியைக் குளிர்வித்துத் திருப்பி விட்டபடியே கொதிக்கவைத்து, எடுத்த வெள்ளைப் பொடி. அதன் அடுக்குகளுக்கு நடுவே தாமிர அயனியைப் புகுத்த வேண்டும். ஒரு கிராமில் 6.64 மில்லிமோல் புரோட்டான் இருக்கிறது, இரண்டு புரோட்டான் வெளியேறினால் ஒரு தாமிரம் உள்ளே, கணக்கு சுலபம் என்று நினைத்தேன்.

காப்பர் சல்பேட் கரைசலில் இரண்டு நாள் கலக்கினேன். வடிகட்டிக் கழுவினால் பொடி போட்டபடியே வெள்ளை. சரி, வெளியே வரும் புரோட்டான்தான் தடுக்கிறது என்று சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பீக்கரில் அழகான நீலம்! எத்தனை கழுவியும் போகவில்லை. ஓடிப்போய் என் ஆய்வு வழிகாட்டி மேடத்திடம் காட்டினேன். "நிறம் இருக்கட்டும்பா, எக்ஸ்ஆர்டி எங்கே?" என்றார்.

எக்ஸ்ஆர்டி என்றால் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அடுக்கு இடைவெளியை அளக்கும் சோதனை. பக்கத்துத் துறையில் ஒரு வாரம் காத்திருந்து எடுத்தேன். வரைபடத்தின் முதல் பீக் 11.6 டிகிரியில், அதாவது அடுக்கு இடைவெளி 7.6 ஆங்ஸ்ட்ராமில் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), அசையாமல் அப்படியே நின்றது. ஒரு அயனிகூட உள்ளே போனதாகத் தெரியவில்லை. நான் பார்த்த நீலம் பொடியின் மேல் படிந்த காப்பர் ஹைட்ராக்சைடு. அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. தாமிர அயனி தண்ணீரில் தனியாக இருப்பதில்லை. நீர் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. அடுக்குகளுக்கு இடையே உள்ள வாசல் அந்தச் சுமைக்குப் போதாது. சோடியத்துக்கு அந்தச் சிரமம் குறைவு. அதனால் முதலில் சோடியத்தை அனுப்பி அடுக்கை விரிக்க வேண்டும். ஒரு கிராம் பொடிக்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 33 மி.லி., கூடவே சோடியம் குளோரைடு, மெதுவாக. பாதிப் புரோட்டான் வெளியேறியதும் இடைவெளி 11.8 ஆங்ஸ்ட்ராம் ஆகிவிடும், பீக் 7.5 டிகிரிக்கு இறங்கிவிடும்.

இதிலும் ஒரு முறை கோட்டைவிட்டேன். அந்தச் சோடியப் பொடியை நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் ஜாடியான டெசிகேட்டரில் வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். வந்து பார்த்தால் நீர் போய் அடுக்குகள் மறுபடி சுருங்கியிருந்தன. அதன்பிறகு ஈரத்தோடு சென்ட்ரிஃப்யூஜ் குழாயிலேயே வைத்து, நேராகக் காப்பர் அசிடேட்டில் போட்டேன். சல்பேட் வேண்டாம், வெளியே வரும் புரோட்டானை அசிடேட் வாங்கிக்கொள்கிறது. ஒரு மணி நேரத்தில் கரைசல் வெளுக்க, பொடி நீலமாவதைக் கண்ணால் பார்த்தேன். இந்த முறை நிறத்தை நம்பாமல் எக்ஸ்ஆர்டிக்குப் போனேன். பழைய 11.6 பீக் இல்லவே இல்லை.

*

அக்கா, நீங்கள் சொன்ன ஹைட்ராக்சைடு நீலத்தில் நானும் விழுந்திருக்கிறேன். இப்போது நான் கோபால்ட்டில் இருக்கிறேன். ஈரத்தில் இளஞ்சிவப்பு, ஓவனில் வைத்தால் நீலம், சிலிக்கா ஜெல் மணி மாதிரியே. நீர் போகப்போக கோபால்ட்டைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் ஆறிலிருந்து நாலாகக் குறைவதுதான் இதற்குக் காரணம். ஆனால் எக்ஸ்ஆர்டியில் எக்ஸ் கதிர் தருவது தாமிரக் குழாயாக இருந்தால் கவனம். கோபால்ட் அந்தக் கதிரை வாங்கி ஒளிர்கிறது, பின்னணி மேடாக ஏறி சின்ன பீக்கெல்லாம் மூழ்கிவிடுகிறது. பொடி கெட்டுவிட்டது என்று நினைத்து நான் இரண்டு தொகுதியைக் கொட்டிவிட்டேன். இன்றும் மனசு ஆறவில்லை. நிக்கலுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

*

சோடியத்துக்குப் பதில் பியூட்டைல் அமீனால் விரித்துப் பாருங்கள். 18.6 ஆங்ஸ்ட்ராம் வரை திறக்கும். மீன்கவிச்சு வாடை, ஆவியை வெளியே இழுக்கும் ஹூடுக்குள் மட்டும் செய்யுங்கள். தாமிரம் போடும்போது வடிநீர் அடர்நீலமாக வந்தால் அமீன் வெளியேறித் தாமிரத்தைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். அந்த நீரைக் கொட்டாமல் அதிலுள்ள தாமிரத்தையும் அளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு போனது என்ற கணக்கு உதைக்கும்.