அம்மாவின்ர மறதி: ஆராவது வழி சொல்லுங்கோ

வணக்கம், கொக்குவிலில இருக்கிறம். அம்மாவுக்கு 58 வயது. கொஞ்ச நாளா அடுப்பில பால் வச்சதை மறக்கிறா, கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்கிறா. இடுப்புச் சுற்றளவு 98 சென்ரிமீற்றர். தெற்காசியப் பெண்களுக்கு 80 தான் எல்லை. நடுவயது உடற்பருமனை மறதிநோய்க்கான ஆபத்துக் காரணிகளில ஒண்டா லான்செற் எண்ட மருத்துவ இதழ் அமைச்ச ஆணைக்குழுவின்ர 2020 அறிக்கை சொல்லுது. வயிற்றுக்குள்ள சேருற கொழுப்பு அழற்சியைத் தூண்டும், இன்சுலின்ர வேலையையும் குழப்பும். தைரொயிட் சுரப்பு, விற்றமின் பி12 குறைஞ்சாலும் மறதி வரும் எண்டபடியா இரத்தம் சோதிக்கக் குடுத்திருக்கு.

யாழ்ப்பாணத்தில ஞாபகசக்தியைப் பரிசோதிக்கிற கிளினிக் எங்க, எந்த நாளில நடக்குது? வயிற்றைக் குறைக்கலாமெண்டா, இராப் புட்டை விடவே மாட்டன் எண்டு நிக்கிறா; அப்பிடிப்பட்ட அம்மாவை மெல்ல மாத்தினாக்கள் இருந்தா எப்பிடி எண்டு சொல்லுங்கோ. முழங்கால் நோவால தனிய நடக்கப் பயப்பிடுறா. பின்னேரத்தில அவவோட சேர்ந்து நடக்கக்கூடிய அக்காமார் பக்கத்தில இருந்தாலும் அறியத் தாங்கோ.